இடது கையைத் தேடித் திருவண்ணாமலைக்கு

திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் இறங்கியதும் என் பெட்டியை நோக்கி நீண்ட எல்லாக் கைகளையும் திருட்டுக் கைகள் என்றே நினைத்தேன். ஈப்போவில் நான் வளர்ந்த வீட்டில் இந்தியா என்றாலே எச்சரிக்கைதான். போய் வந்தவர்கள் கோயிலைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்வார்கள், ஏமாந்த கதையை ஒரு மணி நேரம் சொல்வார்கள். அதனால் கடவுச்சீட்டை இடுப்போடு கட்டிய சிறு பையில் வைத்திருந்தேன். அடிக்கடி அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே நடந்ததில், அது எங்கே இருக்கிறது என்பது நிலையத்தில் இருந்த எல்லாருக்கும் தெரிந்துபோயிருக்கும்.

“வாங்க மேடம், ஆசிரமம் பக்கமா? ரூம் இருக்குது, நீட்டா இருக்கும்” என்று ஒருவர் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தார். நான் விடவில்லை. அவரும் விடவில்லை. பெட்டி எங்கள் இருவர் கையிலுமாக ஆட்டோ வரை வந்தது. பெயர் ஜாபர் என்றார். தாத்தா காலத்திலிருந்து இதே ஊர்தான் என்றார். நான் கேட்காமலே சொன்னதால் அதையும் நம்பவில்லை.

நான் சாமி கும்பிட வரவில்லை. ஒரு ஆளைத் தேடி வந்திருந்தேன்.

கல்யாணமாகித் தைவானில் குடியேறி எனக்கு வெகு காலமாகிறது. கிழக்குக் கரையில் ஒரு சிறிய நகரம். அங்கே பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். நாங்கள் இருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் காலைச் சாப்பாட்டுக் கடை ஒன்று உண்டு. அதை நடத்துபவள் ஷியூமெய். அவளுடைய தம்பி லின், தொழில்முறை பேஸ்பால் ஆட்டக்காரன். அணியில் பந்து எறிபவன். கிரிக்கெட் மட்டும் தெரிந்தவர்களுக்கு ஒரு விளக்கம்: இதில் ஓடி வருவதில்லை, பந்தைத் தரையில் குத்துவதும் இல்லை. ஒரு மேட்டில் நின்று, காலைத் தூக்கி, முழங்கையை மடக்கி, முழு பலத்தோடு எறிய வேண்டும். கிரிக்கெட்டில் எது தப்போ அதுதான் இவர்களுக்குத் தொழில்.

லின் சீத்தாப்பழத் தோட்டக்காரரின் மகன். இடது கைக்காரன். அந்த ஆட்டத்தில் இடது கையால் வேகமாக எறிபவர்கள் குறைவு. அதனால் சின்ன வயதிலேயே பள்ளிக் குழுவின் விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். பள்ளி முடித்ததும் ஒரு கிளப் அவனை எடுத்துக்கொண்டது. முதல் ஆண்டு இரண்டாம் அணியில், காலி நாற்காலிகளுக்கு முன்னால் எறிந்துகொண்டிருந்தான். அந்தக் கோடையின் கடைசியில் முதல் அணியில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போக, இவனை அவசரமாகக் கூப்பிட்டார்கள். ஆட்டம் கையை விட்டுப் போகும் கட்டத்தில் இறங்கி, அடுத்தடுத்து மூன்று பேரை மட்டையில் பந்து படாமலே வெளியேற்றினான். மறுநாள் ஷியூமெய் கடைக்கு வந்த எல்லாருக்கும் சோயாப்பால் இலவசம்.

அடுத்த ஆண்டு முழுக்க அவன் பெயர்தான். அதற்கு அடுத்த ஆண்டு பந்தின் வேகம் குறைந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. மறுபடி இரண்டாம் அணி. ஆட்டக்காலம் முடிந்ததும் ஒரு பையோடு இந்தியாவுக்குப் போய்விட்டான். அக்காவுக்கு எப்போதாவது ஒரு செய்தி வரும்: “நலம். கவலைப்படாதே.” கூடவே ஒரு மலையின் படம்.

“ஏதோ சாமியார் கூட்டத்தில் மாட்டிக்கொண்டான்” என்று ஷியூமெய் அழுதாள். “உன் ஊர்தானே, போய்ப் பார்த்துவிட்டு வா.” நான் இந்தியாவையே பார்த்ததில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவளுக்குப் புரியவில்லை. அந்த வாரமே கிளப்பிலிருந்து ஹுவாங் என்பவர் பழக்கூடையோடு கடைக்கு வந்தார். ஆட்டக்காரர்களின் நலனைக் கவனிப்பவராம். மெல்லிய குரல். என் பயணச் சீட்டை கிளப்பே வாங்கித் தரும் என்றார். “முடிந்தால் அவன் பந்து எறிவது போல ஒரு சின்ன வீடியோ. ரசிகர்கள் சந்தோஷப்படுவார்கள்.” பள்ளிக்குக் குளிர்கால விடுமுறை. நான் கிளம்பிவிட்டேன்.

ஜாபர் என்னைக் கொண்டுபோய் விட்டது செங்கம் சாலையிலிருந்து பிரியும் சந்தில், மாடி வைத்த ஒரு வீடு. வீட்டுக்காரம்மா விஜயா, என் வயதுதான் இருக்கும். கணவருக்குக் கீழ்பென்னாத்தூரில் உரக்கடை. என் பேச்சைக் கேட்டதும், “நீங்க சிலோனா?” என்றார்.

“மலேசியா.”

“தமிழ் பேசுறீங்க, பாஸ்போர்ட்டு வேற மாதிரி இருக்குதே” என்று அதைப் புரட்டிப் பார்த்து, என் முகத்தையும் படத்தையும் ஒப்பிட்டார். “பாரினர்னா ஆன்லைன்ல ஏத்தணும்ங்க. இல்லாட்டி போலீஸ்ல கேப்பாங்க.” கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் திரும்பி வரும்வரை நான் வாசலிலேயே நின்றேன்.

இரண்டு பேரிடமும் லின்னின் படத்தைக் காட்டினேன். தொப்பியும் சீருடையுமாகப் பல் தெரியச் சிரிக்கும் படம். ஜாபர் கொஞ்ச நேரம் பார்த்து, “தெர்ல மேடம். இந்த ஊர்ல வெள்ளக்காரங்க, சைனாக்காரங்க, ஜாஸ்தி பேரு வராங்க. எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்க” என்றார். விஜயா படத்தைக் கையில்கூட வாங்காமல் இல்லை என்று தலையாட்டினார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் விடியலில் தலைக்கு மேலே ஒரு சத்தம். தொப். கொஞ்ச நேரம் அமைதி. மறுபடி தொப். யாரோ ஒற்றைக் காலில் குதிப்பது போல.

“மேல யாரு இருக்கா?” என்று காப்பி கொண்டுவந்த விஜயாவைக் கேட்டேன்.

“யாரும் இல்லீங்க. பூனைங்க.”

ரொம்பக் கனமான பூனை. அன்று கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே போனேன்.

பொங்கல் முடிந்த வாரம். வாசல்களில் பெரிய கோலங்கள் இன்னும் அழியாமல் இருந்தன. எந்தச் சந்தில் திரும்பினாலும் அந்தப் படத்தில் பார்த்த மலை தலைக்கு மேல் வந்து நின்றது. ஈப்போவைச் சுற்றியும் மலைகள் உண்டு, சுண்ணாம்பு மலைகள். அவை தள்ளி நின்று தங்கள் வேலையைப் பார்க்கும். இது நம்மையே பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. ஒரு சாமியார் நான் மறுப்பதற்குள் நெற்றியில் விபூதி பூசிவிட்டுக் கையை நீட்டினார். இட்லிக் கடையில் சட்னிக்குத் தனியாகக் காசு கேட்பார்கள் என்று எண்ணிச் சட்னியைத் தொடாமல் சாப்பிட்டேன். கடைக்காரர் பதறிப்போய், “சட்னி சரியில்லீங்களா?” என்று கேட்டு வேறு சட்னி ஊற்றினார். அதற்கும் காசு இல்லை. அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

பகலில் வெளிநாட்டவர் கூடும் ஒரு கஃபேவில் போய் உட்கார்ந்தேன். பக்கத்து மேசையில் இரண்டு பெண்கள் சீன மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள். உச்சரிப்பு தைவான்.

“பாரேன், இந்த ஊர்க்காரி தனியாக வந்து கேக் சாப்பிடுகிறாள்” என்றாள் ஒருத்தி, என்னைப் பற்றி.

“பணக்காரியாக இருக்கும்” என்றாள் மற்றவள். பிறகு குரலைத் தாழ்த்தாமலே தொடர்ந்தாள்: “அந்தப் பந்து எறியும் பையனை நேற்றும் பார்த்தேன். இலையில் சோறு போடும் கடையில். தொப்பியை மூக்குவரை இறக்கியிருந்தான். என் கணவரிடம் சொன்னால் கையெழுத்து வாங்க விமானம் ஏறி வந்துவிடுவார்.”

“எந்தக் கடை?” என்று நான் அவர்கள் மொழியில் கேட்டேன். ஒருத்தியின் கரண்டி தட்டில் விழுந்தது.

கடை பெரிய சாலைக்கு எதிர்ப்புறம், பத்துப் பன்னிரண்டு மேசைகள் உள்ள மெஸ். மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான் லின். மத்தியான வெயிலில் முழுக்கைச் சட்டை. இலையில் சாம்பார் சோறு. வலது கையால் பிசைந்து, கொஞ்சம் சிந்தி, கொஞ்சம் வாய்க்குள் போட்டுக்கொண்டிருந்தான்.

என் கண் அங்கேயே நின்றது. அக்கா கடையில் எத்தனை காலை அவனைப் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டுக் குச்சிகள், கைபேசி, பேனா, எல்லாமே இடது கைதான்.

நான் பார்ப்பதைப் பார்த்த பரிமாறுபவர் பெருமையாகச் சொன்னார்: “மொத நாளு பீச்சாங்கையால சாப்ட்டுச்சு மேடம் தம்பி. நான்தான் ரைட்டு ரைட்டுன்னு சொல்லிக் குடுத்தேன். இப்ப நல்லா பழகிடுச்சு.”

சரி, அதனால்தான் போலிருக்கிறது என்று சமாதானம் ஆனேன். ஆனால் லின் சாப்பிட்டு முடித்ததும் தண்ணீர் பாட்டிலை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, வலது கையாலேயே மூடியைத் திருகினான். அதை யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

என்னைக் கண்டதும் எழுந்து நின்று வணங்கினான். ஆச்சரியப்படவில்லை. ஓய்வுக்கு வந்தேன், கூட ஆடுபவன் ஒருவனின் அம்மா ஆண்டுதோறும் வரும் ஊர், அமைதியாக இருக்கும் என்றார்கள், வந்தேன் என்றான். பிறகு மெதுவாகக் கேட்டான்: “உங்களை அனுப்பியது அக்கா மட்டும்தானா?”

“அக்காதான்” என்றேன். அவன் தலையாட்டிய விதத்தில் நம்பவில்லை என்று தெரிந்தது.

சேர்ந்து நடந்தோம். அவன் சந்துக்குள் திரும்பினான், நானும் திரும்பினேன். விஜயா வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போய் மாடிப்படியில் ஏறினான். நான் கீழேயே நின்றேன். விஜயா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். முகத்தில் கொஞ்சமும் கூச்சம் இல்லை.

“போட்டோவ காட்டிக்கினு ஒருத்தர் வந்து கேட்டா, யாரு இன்னான்னு தெரியாம எப்டிங்க காட்டிக் குடுக்கிறது? வாடகைக்கு இருக்கிற புள்ள, எங்கள நம்பி இருக்குது.”

“பூனைன்னீங்களே!”

“ஆமா, பூனைன்னுதான் சொன்னேன்” என்று ஈரத் துணியை உதறினார். என் மேல் கொஞ்சம் தெறித்தது.

ஜாபர் வண்டியில் வருபவர்களை எல்லாம் அந்த வீட்டுக்குத்தான் கொண்டுவருவாராம். லின்னையும் அப்படித்தான் கொண்டுவந்திருக்கிறார். அடுத்த நாள் காலையில் எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மலை சுற்றும் பாதையில் அடி அண்ணாமலைக்குக் கிளம்பினார். லின் தினமும் அங்கே போய்க் கோயில் குளத்துப் பக்கம் உட்கார்ந்திருப்பானாம்.

“தம்பி இன்னா வேல பாக்குது மேடம்?” என்றார் ஜாபர். “நாங்க கேட்டா சிரிக்குது.”

“பேஸ்பால் ஆட்டக்காரர்.”

“பேஸ்பாலா... ஆங்! படத்துல ரவுடிங்க தூக்கினு வருவாங்களே, அந்தக் கட்டையா?” கண்ணாடியில் லின்னைச் சந்தேகமாகப் பார்த்தார். “பாத்தா அப்டி தெர்லயே.”

“கட்டைய வேற ஆளு பிடிப்பாரு. இவரு அவருக்குப் பந்து எறிவாரு.”

“அப்ப அடி வாங்குற பக்கம்” என்று முடிவு செய்துவிட்டு நிம்மதியானார்.

கோயில் பக்கத்தில் இறங்கி நான் பையைத் தோளில் மாட்டியதுதான் தெரியும். மரத்திலிருந்து ஒரு குரங்கு இறங்கி, அதை இழுத்துக்கொண்டு சுவரில் ஏறிவிட்டது. கைபேசி, சாவி எல்லாம் அதில்தான். மனிதர்கள் மேலேயே கண் வைத்திருந்ததில் குரங்கை மறந்திருந்தேன். நான் கத்தினேன். ஜாபர், “கல்லு எடு தம்பி, கல்லு! அடிக்காத, சும்மா பயமுறுத்து!” என்று கையால் காட்டினார்.

லின்னுக்கு மொழி தேவைப்படவில்லை. குனிந்தான். இடது கை கல்லை எடுத்தது. வலது கால் உயர்ந்தது, தோள் பின்னால் திரும்பியது. அந்த ஒரு கணம் அவன் தொலைக்காட்சியில் பார்த்த அதே ஆள். கை தலைக்கு மேல் வந்து முன்னால் பாயும் இடத்தில் அப்படியே நின்றது. கல் அவன் காலடியில் விழுந்தது. அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வாயிலிருந்து சத்தமே வரவில்லை. முகம் மட்டும் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது.

குரங்கு பையிலிருந்த பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு பையை வீசிவிட்டுப் போனது. ஜாபர் பையை எடுக்கப் போகவில்லை. லின் பக்கத்தில் குந்தி, “இன்னாச்சு தம்பி, இன்னாச்சு?” என்று அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

குளத்துப் பக்கம் டீக்கடை பெஞ்சில் அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவன் பேர் வாங்கிய அந்த ஆண்டிலேயே முழங்கையின் உள்பக்கம் வலி தொடங்கிவிட்டது. அடிக்கடி ஆட்டத்தில் இறக்கினார்கள். மாத்திரை போட்டுக்கொண்டு எறிந்தான். யாரிடமும் சொல்லவில்லை.

“ஏன் சொல்லவில்லை?”

“பள்ளி விடுதியில் வலிக்கிறது என்று சொன்ன பையன்கள் அடுத்த வாரம் விடுதியில் இருக்க மாட்டார்கள்” என்றான். “எங்கள் ஊரில் கடைக்குப் போனால்கூட முதலில் என் கையைப் பார்க்கிறார்கள், பிறகுதான் முகத்தைப் பார்க்கிறார்கள். இங்கே யாருக்கும் என் கை எதற்கென்று தெரியாது. இரண்டு மாதம் ஒரு கல்லைக்கூடத் தொடவில்லை. கால் பயிற்சி மட்டும் மாடியில் செய்வேன். ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இன்று அந்தக் கல்லை எடுக்கும்வரை சரியாகிவிட்டது என்றே நினைத்தேன்.”

டீ ஆறிப்போயிருந்தது. ஜாபர் நாங்கள் பேசுவது புரியாமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு இன்னொரு டீ சொன்னார்.

அன்று சாயங்காலம் ஹுவாங் கூப்பிட்டார். அவனைக் கண்டுபிடித்துவிட்டேன், நன்றாக இருக்கிறான் என்றேன். மகிழ்ச்சி என்றார். வீடியோவை நினைவூட்டினார். அதே மெல்லிய குரல்.

“பக்கவாட்டில் நின்று எடுங்கள். சட்டைக் கையை மடித்துவிடச் சொல்லுங்கள். முழங்கை தெளிவாகத் தெரிய வேண்டும்.”

“ரசிகர்களுக்கா?”

“ஆமாம், ஆமாம். ஆனால் கிளப் கேட்டதாக அவனிடம் சொல்ல வேண்டாம். நீங்கள் ஆசைப்பட்டு எடுப்பதாக இருக்கட்டும். முடிந்தால் இந்த வாரமே.”

கைபேசியை வைத்துவிட்டு அறையில் உட்கார்ந்திருந்தேன். எந்த ரசிகர் ஒரு ஆட்டக்காரனின் முழங்கையைப் பார்க்க ஆசைப்படுகிறார்? இந்த ஊரில் இறங்கியதிலிருந்து பெட்டி தூக்கியவரை, விபூதி பூசியவரை, சட்னி ஊற்றியவரைக்கூட நம்பவில்லை. பயணச் சீட்டு வாங்கிக் கொடுத்த ஆள் மேல் மட்டும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

காலையில் மாடிக்குப் போய் லின்னிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பழக்கூடை, சீட்டு, வீடியோ, முழங்கை. அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் சிரித்தான். அது அதைவிட மோசமாக இருந்தது.

“அக்காதான் என்றீர்களே” என்றான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

பகல் முழுக்க மாடியில் சத்தமே இல்லை. மெஸ்ஸுக்கும் போகவில்லை. விஜயா சோற்றுத் தட்டோடு மேலே போய், அப்படியே திரும்பி வந்தார். என் அறை வாசலில் நின்றார்.

“அந்தப் புள்ள அழுவுது. நீங்க வந்த பெறவுதான் அழுவுது. இன்னா சொன்னீங்க?”

சொன்னேன். பேஸ்பால் புரிந்ததோ இல்லையோ, ஹுவாங் எப்படிப்பட்டவர் என்பது விஜயாவுக்கு உடனே புரிந்துவிட்டது. “கையி கெட்டுப்போச்சான்னு திருட்டுத்தனமா பாக்கறதுக்கு உங்கள அனுப்பிக்கிறாங்க” என்றார். “அப்ப டாக்டர்கிட்ட காட்டுறதுதான மொத வேல? வேலூர் இங்க இருக்குது. இத்தினி பேரு பேசிக்கினு இருக்கீங்க, ஒருத்தருக்கும் அது தோணலியா?”

தட்டை என் கையில் கொடுத்தார். நான் மாடி ஏறிக் கதவுக்கு வெளியே நின்று, விஜயா சொன்னதை அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னேன். ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தது.

“டாக்டர் பேசுவதை நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்” என்றான் லின். “ஒரு வார்த்தையையும் மாற்றாமல்.”

வேலூர் பேருந்து போளூர் தாண்டியதும் டயர் வெடித்து நின்றது. நடத்துநர் எங்களை எல்லாம் அடுத்து வந்த வண்டியில் ஏற்றிவிட்டார். அது ஏற்கெனவே நிரம்பி வழிந்தது. நான் லின்னின் இடது பக்கம் நின்றுகொண்டு, மோத வந்த பைகளை எல்லாம் என் விலாவில் வாங்கிக்கொண்டேன். வேர்க்கடலை மூட்டையோடு வந்த ஒரு அம்மா, “தள்ளுமா, நானும் டிக்கெட்டு வாங்கித்தான் வரேன்” என்றார். “அவருக்குக் கையில அடி” என்றேன். அந்த அம்மா லின்னை மேலும் கீழும் பார்த்து, உட்கார்ந்திருந்த ஒருவரை எழுப்பிவிட்டு அவனை உட்கார வைத்தார். மூட்டையை என் காலில் வைத்தார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துவிட்டுக் காத்திருந்தோம். டாக்டர் இளைஞர். கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டி, முழங்கையின் உள்பக்கம் எலும்பை எலும்போடு கட்டிவைக்கும் நார் பாதிக்கு மேல் கிழிந்திருக்கிறது என்றார். இப்படியே எறிந்தால் முழுதும் அறுந்துவிடும். அறுவை சிகிச்சை செய்துகொண்டால் ஒரு வருஷத்துக்கு மேல் ஆட்டத்தில் எறியக் கூடாது. பிறகு பழையபடி எறிய வாய்ப்பு உண்டு, உத்தரவாதம் இல்லை.

நான் ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை. ‘உத்தரவாதம் இல்லை’ என்பதை மட்டும் இரண்டு முறை கேட்டான்.

ஆஸ்பத்திரி கேன்டீனில், முன்பு அவனோடு ஆடி ஓய்வு பெற்ற ஒருவரை லின் அழைத்தான். பந்து பிடிக்கும் இடத்தில் ஆடியவர், காயத்தோடு வெளியே போனவர். அவர் பேசுவது எனக்கும் கேட்டது.

“உன் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது, இல்லையா? அதற்குள் நீயே காயத்தைத் தெரிவித்தால் சிகிச்சை அவர்கள் பொறுப்பு. முடிந்த பிறகு என்றால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள், சிகிச்சையும் உன் செலவுதான்.” கொஞ்சம் நிறுத்தி, “ஹுவாங் வீடியோ கேட்டாரா?” என்றார். “என் சமயத்தில் என் மனைவியிடம் கேட்டார். அவளும் எடுத்து அனுப்பினாள், பாவம்.”

லின் அன்றே டாக்டரின் அறிக்கையைக் கிளப்புக்கு அனுப்பினான். மறுநாள் விஜயா வீட்டுக் கூடத்திலிருந்து ஹுவாங்கை அழைத்தான். என் கைபேசியை எடுத்துப் பதிவு செய்யச் சொல்லிவிட்டுப் பேசத் தொடங்கினான். விஜயா கதவோரம் நின்றார். ஜாபர் ஆட்டோவை வெளியே விட்டுவிட்டு வந்து, ஒன்றும் புரியாமல் மரியாதையாக நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

ஹுவாங் அதிர்ச்சியடைந்தார். ரொம்ப வருத்தப்பட்டார். அவசரம் வேண்டாம், திரும்பி வந்த பிறகு, அடுத்த மாதம் நேரில் பேசலாம் என்றார்.

“இப்போதே பேசலாம்” என்றான் லின். “அறிக்கை கிடைத்ததா?”

“கிடைத்தது, ஆனால்...”

“சிகிச்சை கிளப்பின் பொறுப்பு, சரிதானே?”

“நாம் ஒரு குடும்பம், லின். அதெல்லாம் பார்த்துக்கொள்வோம்.”

“பார்த்துக்கொள்வோம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பதிவாகிக்கொண்டிருக்கிறது.”

என்ன நடக்கிறது என்று தெரியாமலே விஜயா கையைக் கட்டிக்கொண்டார். பிறகு ஹுவாங் சொன்னார், முழு வாக்கியமாக, கிளப்பின் பெயரோடு. மெல்லிய குரல் இல்லை. லின் நன்றி சொல்லி வணங்கிவிட்டுக் கைபேசியை வைத்தான். வைத்த பிறகும் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தான்.

“இன்னா சொன்னான்?” என்றார் ஜாபர்.

“செலவு அவங்கதான்னு ஒத்துக்கிட்டாரு.”

“எழுதி வாங்குங்க” என்றார் விஜயா. மறுநாள் அதையும் வாங்கினோம்.

ஒரே விமானத்தில் திரும்பினோம். பிப்ரவரியில் அறுவை சிகிச்சை நடந்தது. ஒப்பந்தத்தைக் கிளப் புதுப்பிக்கவில்லை, சிகிச்சைக்கு மட்டும் சொன்னபடி கொடுத்தது. லின் சீத்தாப்பழத் தோட்டத்தில் அப்பாவுக்கு ஒற்றைக் கையால் உதவினான், பிறகு இரண்டு கையால். கோடை வந்தது, போனது. அடுத்த ஆண்டு வசந்தத்தில் வேறு ஒரு கிளப், அதிகம் எதிர்பார்க்காமல், தன் இரண்டாம் அணியில் அவனுக்கு இடம் கொடுத்தது.

முதல் ஆட்டத்துக்கு ஷியூமெய் கடையை மூடிவிட்டு வந்தாள். நானும் போனேன். சாரல் மழை. அரங்கில் எங்களைத் தவிரச் சில முதியவர்களும் குடைகளும்தான். கடைசிக்கு முந்தின சுற்றில் லின்னை இறக்கினார்கள். மேட்டில் ஏறிக் காலால் மண்ணைச் சரி செய்தான். வலது காலைத் தூக்கினான்.

“வலிக்கிறதா, தெரிகிறதா?” என்று ஷியூமெய் என் கையைப் பிடித்தாள்.

“இங்கிருந்து தெரியவில்லை.”

அடுத்த பந்து. அதற்கடுத்தது. அவன் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் சொல்லாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தோம், எறியும்போது அது மடங்குவதையும், எறிந்த பிறகு அது தொங்கும் விதத்தையும், அவன் அதை மற்ற கையால் தொடுகிறானா என்பதையும். தொடவில்லை. சுற்று முடிந்து அவன் ஓடிப் போய் ஆட்டக்காரர்கள் நடுவில் உட்கார்ந்த பிறகுதான் ஷியூமெய் என் கையை விட்டாள்.

வெளியே வந்தபோது நுழைவாயிலில் இருந்த காவலாளி, யார் ஜெயித்தார்கள் என்று கேட்டார். எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.